மைக்கில் பேர் சொல்லாத சுகுணாக்கா

சுகுணாக்கா போய்விட்டார் என்று செய்தி வந்தபோது நான் ஒரு பயணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஜன்னல் ஓர சீட்டு வேண்டுமாம். விமானத்துக்கு நானா புதிதாக ஜன்னல் வைக்க முடியும்? அந்த நேரத்தில்தான் திருச்சானூரிலிருந்து அக்காவின் தம்பி போன் செய்தார். "பத்மா, அக்கா போய்ட்டாங்கம்மா. காபி குடிச்சிக்கினே இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார். போனை வைத்துவிட்டு அந்த மனிதரிடம், "எல்லாருக்கும் ஜன்னல்தான் சார், போய்ட்டு வாங்க" என்றேன். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களோடு கப்பலில் வந்த நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் குடும்பங்களுக்கும், அன்று பன்னிரண்டு பதிமூன்று வயதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும். உங்களில் பாதிப் பேர் இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறீர்கள். எங்கே இருந்தாலும் அந்தக் குரல் உங்களுக்கு மறந்திருக்காது.

அந்தக் குரல் முதலில் திருமலைக்குச் சொந்தம். எங்கள் டூர் கம்பெனிக்கு வருவதற்கு முன் அக்கா மலைமேல், காணாமல் போனவர்களைத் தமிழில் அறிவிக்கும் வேலையில் இருந்தார். "வேலூரிலிருந்து வந்த குழந்தை, வயது நான்கு, மஞ்சள் சட்டை" என்று மைக்கில் சொன்னால் அப்படியொரு சுத்தமான தமிழ். மைக்கை அணைத்த மறுநொடி, "இன்னாடி, டீ சொன்னியா இல்லியா?" என்று நகரித் தமிழ் வந்துவிடும். இவரை எங்கள் முதலாளி வேலைக்கு எடுத்தபோது நான் சண்டைக்குப் போனேன். மைக்கில் பேசுகிறவருக்கு டூரில் என்ன வேலை என்று கேட்டேன். "ஜனங்களத் தொலைக்காம கூட்டிக்கினு வரணும் இல்லம்மா" என்று முதலாளி முடித்துவிட்டார்.

அது காலம் மாறிக்கொண்டிருந்த நேரம். காசிக்கும் கயாவுக்கும் பஸ் விட்டுக்கொண்டிருந்த எங்களிடம் ஜனங்கள் சிங்கப்பூர் கேட்டார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து வெளிநாடு போனவர்கள், தடா பக்கம் கம்பெனிகளுக்கு நிலத்தைக் கொடுத்தவர்கள், குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு முறையாவது கப்பலில் ஏற வேண்டும். சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து கப்பல். குடும்பம் குடும்பமாக ஏற்றினோம். பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது என் பாடு, அந்த ரெண்டுங்கெட்டான் வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அக்காவின் பாடு என்று பிரித்துக்கொண்டோம்.

கப்பலில் பிள்ளைகளுக்கு என்று தனி ஏற்பாடு உண்டு. பதினொரு வயது வரைக்கும் ஒரு கிளப். அங்கே பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டு விட வேண்டும், கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிப் போக வேண்டும். அதற்கு மேல் வயதானால் வேறொரு கிளப்; வீடியோ கேம், டேபிள் டென்னிஸ், மங்கலான வெளிச்சத்தில் பாட்டு. அங்கே கையெழுத்தெல்லாம் கிடையாது. பிள்ளைகள் தாங்களாக வரலாம், தாங்களாகப் போகலாம். இதைக் கேட்டதும் நம் ஊர் அம்மாக்கள் என்னிடம் ஓடிவந்தார்கள். "பொம்பளப் புள்ள தானா வர்றதாம், தானா போறதாம், இது இன்னா கூத்து?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார்கள்.

அக்கா அவர்களைச் சமாளித்த விதம் இருக்கிறதே! பெரியவர்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சரி என்று அக்கா தன் செருப்பை அந்தக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்தார். வைத்துவிட்டு வெறுங்காலோடு மேல்தளத்துக்குப் போய் டீ குடித்தார். எட்டிப் பார்த்த அம்மாக்கள் செருப்பைப் பார்த்துவிட்டு, சுகுணாம்மா உள்ளே இருக்கிறார் என்று நிம்மதியாகத் திரும்பினார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் கதவு திறக்கும்போதெல்லாம் அதே செருப்பைப் பார்த்துவிட்டு, அக்கா வெளியேதான் எங்கோ இருக்கிறார் என்று கொஞ்சம் அடங்கி ஆடினார்கள். "இந்த வயசு மேல கண்ண வெக்கக் கூடாது பத்மா, செருப்ப வெச்சாப் போதும்" என்பார். ஒருநாள் துப்புரவு செய்கிற பையன் அதைக் கொண்டுபோய்த் தொலைந்த பொருட்கள் பிரிவில் சேர்த்துவிட்டான். ஆயுசெல்லாம் தொலைந்தவர்களைக் கூப்பிட்டவர், அங்கே வரிசையில் நின்று அடையாளம் சொல்லித் தன் செருப்பை வாங்கினார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்த கிளப்பில் பொருள் தேடும் விளையாட்டு ஒன்று வைத்தார்கள். துப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் கதவோரம் தூண் மாதிரி நின்றார்கள். இங்கிலீஷ் மீடியம்தான் எல்லோரும். ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் முன்னால் வாய் வரவில்லை. அக்கா அவர்களைக் கூட்டி, வேறொரு போட்டி வைத்தார். இந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்களில் தமிழோ தெலுங்கோ பேசுகிறவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பேர், ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டு வர வேண்டும். பிள்ளைகள் கப்பலையே சல்லடை போட்டுச் சலித்தார்கள். பாத்திரம் கழுவுகிறவர் வாணியம்பாடி, அறை சுத்தம் செய்கிறவர் ஸ்ரீகாகுளம், இஞ்சின் பக்கத்தில் ஒருவர் தூத்துக்குடி. மறுநாள் காலை எங்கள் மேஜைக்கு மட்டும் எங்கிருந்தோ காரச் சட்னி வந்தது.

இனி யாமினி விஷயம். யாமினி நகரிப் பெண். அவள் அப்பா பாஸ்கர் குவைத்தில் ஏசி மெக்கானிக். குழந்தை தவழும்போது போனவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போவார். இந்த முறை மனைவியையும் மகளையும் தன்னோடே கூட்டிப் போக வந்திருந்தார். கப்பல் முடிந்ததும் குவைத். அந்தப் பெண்ணுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அப்பாவை அவள் எப்படியும் கூப்பிடுவதில்லை என்பதை முதல் நாளே கவனித்தேன். நைனா என்பதில்லை, டாடி என்பதில்லை. "அவர வரச் சொல்லு", "அவரு கேக்கறாரு" என்று அம்மாவிடம் சொல்வாள், அவ்வளவுதான். பாஸ்கரோ அவளைப் பாப்பா, பாப்பா என்று சுற்றிக்கொண்டிருந்தார்.

கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த நாள் அது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாஸ்கர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சின்னப் பிள்ளைகள் கிளப்பில் நின்றார். சுவரெல்லாம் மீன் படம், தரையெல்லாம் ரப்பர் பொம்மை. மேஜையில் இருந்த பெண் குழந்தையின் வயது கேட்டாள். பாஸ்கர் ஒரு கணம் யோசித்து, "பத்து" என்றார். அவளுக்குப் பதிமூன்று. எதிரில் நம் குழுவின் பையன்கள் நின்றிருந்தார்கள், கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். கையை உதறிக்கொண்டு போனவள்தான். மாலை வரை அவளைக் காணவில்லை.

அறையில் இல்லை, கிளப்பில் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. அம்மாக்காரி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் தண்ணீர். கப்பல் ஊழியர்கள் தளம் தளமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த அதிகாரி, குழந்தைக்குப் புரிகிற மொழியில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று மைக்கை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்! "மலைமேல ஊரையே கூப்ட்டியே, இந்த ஒரு புள்ளயக் கூப்ட வாய் வரலியா?" என்று கத்தினேன். நெருக்கமானவர்களை நாங்கள் நீ என்றுதான் திட்டுவோம்.

அக்கா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "சின்னது தொலையும் பத்மா. பதிமூணு தொலையாது, போவும். பேர் சொன்னா இன்னும் தூரமாப் போவும்." மலைமேல் ஒரு பையனைக் காலையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். சாயங்காலம் பசி பொறுக்காமல் தானாக வந்தவன், "ஒங்க கொரலு கேக்கறப்பல்லாம் இன்னும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போனேன்" என்றானாம். ஆயிரம் பேர் காதில் தன் பேர் விழுந்த அவமானம் அவனுக்கு. இதைக் கேட்கும் பொறுமை எனக்கு அப்போது இல்லை. கடலில் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். "அதான் தேடறாங்களே, தேடட்டும். நான் கூப்டறேன்" என்று மைக்கை வாங்கினார்.

அதே பழைய குரல், கப்பல் முழுக்க. "நகரியிலிருந்து வந்த பாஸ்கர், வயது நாற்பத்தொன்று, கட்டம் போட்ட சட்டை, தெலுங்கும் தமிழும் பேசுவார். இவரைக் காணவில்லை. இவரைத் தெரிந்தவர்கள் ஐந்தாம் தளத்தில் உள்ள வரவேற்பு மேஜைக்கு வரவும்."

பாஸ்கர் அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நான் இங்கதானம்மா இருக்கறேன்" என்றார். அக்கா மைக்கைக் கீழே வைக்கவில்லை. அதையே தெலுங்கில் ஒருமுறை சொன்னார், மறுபடி தமிழில் சொன்னார். அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. யாமினி ஓடிவந்தாள். கன்னத்தில் கம்பளத்தின் பூ வேலை அப்படியே பதிந்திருந்தது. எங்கேயோ தரையில் படுத்துக் கிடந்திருக்கிறாள். அதற்குள் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த அப்பாவை அவள் பார்க்கவில்லை. நேராக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க நைனாவுக்கு நீச்சல் தெரியாதுக்கா. எங்க பாத்தாங்க கடைசியா? எங்க நைனாவுக்கு நீச்சல் தெரியாது" என்றாள்.

பாஸ்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் அவள் பார்த்தாள். ஏமாற்றிவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது, முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவாள் என்று நான் பயந்தேன். அவள் போகவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு பதிமூணு" என்றாள். "பதிமூணு" என்று அவரும் சொன்னார். நான் அழுதேன், அதிலென்ன வெட்கம். அந்த அதிகாரிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

எங்கே ஒளிந்திருந்தாய் என்று அக்கா அவளைக் கடைசிவரை கேட்கவில்லை; என்னையும் கேட்க விடவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. விஷயம் புரிந்ததும் கப்பல்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். பொய்யான அறிவிப்புச் செய்ததற்காக இனி மைக்கைத் தொடக் கூடாது என்றார்கள். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், "இதுல நான் இன்னா பொய் சொன்னேன்?" என்று நிஜமாகவே புரியாதவர் மாதிரி கேட்டார். யாமினியின் குடும்பம் குவைத்துக்குப் போனது. பெண்ணுக்கு அங்கே பிடித்ததா பிடிக்கவில்லையா, நான் விசாரிக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவளிடமிருந்து அக்காவுக்குப் போன் வரும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "ஒன்னுமில்ல, துன்னியான்னு கேட்டேன்" என்பார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு அறிவிப்புதான். என் மகன் மெல்போர்னில் இருக்கிறான். வாரக்கணக்கில் போன் செய்யமாட்டான். முன்பெல்லாம் ஏன்டா செய்யவில்லை, பெத்தவளை மறந்துவிட்டாயா என்று நான் பாட ஆரம்பித்தால், அடுத்த போன் இன்னும் தள்ளிப்போகும். இப்போது அவனைக் கூப்பிடுவதில்லை. குக்கர் வெயிட்டைக் காணவில்லை, அது எங்கே இருக்கும் என்று ஒரு வரி அனுப்புவேன். பதறிக்கொண்டு போன் செய்து, அலமாரியில் இரண்டாவது தட்டில் பார் என்பான். அங்கேதான் இருக்கும்.

திருச்சானூரில் அக்காவை எடுத்துவிட்டு வந்த அன்று குளித்துவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். காணவில்லை என்று சொல்ல ஒரு பொருளும் ஞாபகத்துக்கு வரவில்லை. "அம்மாவைக் காணவில்லை, வயது ஐம்பத்தாறு" என்று எழுதி அனுப்பினேன். உடனே போன் அடித்தது. அவன் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"எங்கம்மா இருக்க?" என்றான்.