ஏற்காட்டுக்கு ஒரு குளுகுளு மெத்தை

என் மனைவிக்கு ஒரு வித்தை தெரியும். காலையில் கலைந்து கிடக்கும் படுக்கையைப் பார்த்தே அதில் படுத்திருந்தவர் எப்படித் தூங்கினார் என்று சொல்லிவிடுவாள். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்து விரிப்பு மாற்றுகிற வேலை அவளுக்கு. மல்லாந்து படுப்பவர் என்றால் விரிப்பு நடுவில் அழுந்தி, இரு பக்கமும் அதிகம் கலையாமல் இருக்குமாம். குப்புறப் படுப்பவர் தலையணையைக் கீழே தள்ளியிருப்பார். ஒருக்களித்துப் படுப்பவருடைய முழங்கால் விரிப்பையும் சேர்த்து இழுத்துப்போய், அந்தப் பக்கமாக மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கும். மடிப்பு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் முகம் வைத்துத் தூங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். புதுசாகக் கல்யாணம் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிச் சாயங்காலம் வந்து சொல்வாள். “ரெண்டு பேரு மடிப்பும் செவுத்தப் பாத்துட்டு இருக்குதுங்க. பாவம், வந்த எடத்துல சண்ட போல.” எங்கள் கடையில் காப்பித்தூள் பொட்டலம் கட்டிக்கொண்டே நான் கேட்டுச் சிரிப்பேன்.

ஊரார் தூக்கத்தையெல்லாம் இப்படி வாசித்துக்கொண்டிருந்தவளுக்குப் போன வருடம் சொந்தத் தூக்கம் கெட்டது. மாதவிலக்கு நிற்கிற வயது. உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். கழுத்து, நெஞ்சு, முதுகு எல்லாம் வியர்த்துக் கொட்டும். மூடுபனி சன்னலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிற தை மாதத்தில் இவள் எழுந்துபோய்ச் சன்னலைத் திறப்பாள். நானோ குளிர் என்றால் நடுங்குகிறவன். குல்லா, காலுறை, இரண்டு கம்பளி சகிதம் கட்டை போல மல்லாந்து கிடப்பேன். என்னை ஒன்றும் சொல்லமாட்டாள். ஒருநாள் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தாள். அதற்குப் பிறகு அதுவே அவள் இடம் என்று ஆகிவிட்டது.

தரை சூட்டை இழுத்துக்கொண்டது, சரி. கூடவே தோளையும் பிடித்துக்கொண்டது. அவள் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவள். மழைக்காலம் வருவதற்குள் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. விரிப்பை உதறிப் போட முடியாதவளுக்கு லாட்ஜில் என்ன வேலை இருக்கிறது? டாக்டரம்மா பார்த்துவிட்டு, சூடு சில காலம் இருந்துவிட்டுத் தானாக அடங்கும், ஆனால் தரையில் படுப்பதை முதலில் நிறுத்துங்கள் என்றார். அவளுக்கு வேலையைப் பற்றிய பயம். எனக்கு வேறு பயம், அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாள் முதல் பக்கத்தில் படுத்திருந்தவள் கீழே போய்விட்டால் கட்டில் ஊர்ப்பட்ட அகலமாகிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் மறுபடி மேலே வரவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் கட்டிலில் கிடந்தது தேங்காய் நார் மெத்தை. கனம், கரடு, மழைக்காலத்தில் ஈரநாற்றம். அது சூட்டையும் வாங்காது, தோளுக்கும் இடம் கொடுக்காது. லாட்ஜில் புதிதாகக் கட்டிய அறைகளுக்குக் குளுகுளு மெத்தை என்று ஒன்று வந்திருப்பதாக அவள்தான் சொன்னாள். கீழே ஸ்பிரிங், மேலே ஃபோம், இரண்டும் சேர்ந்த ஹைபிரிட் மெத்தையாம். கை வைத்தால் சில்லென்று இருக்கிறதாம்.

“படுத்துப் பாத்தியா?” என்றேன்.

“அது தங்க வந்தவிய படுக்கறதுங்க” என்றாள், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. இத்தனை வருடத்தில் லாட்ஜ் மெத்தையில் அவள் ஒருமுறை உட்கார்ந்ததுகூட இல்லை. யாரும் பார்க்காத அறை, சாத்திய கதவு, நின்று நின்று மரத்துப்போன கால். ஆனாலும் உட்காரமாட்டாள். நானாக இருந்தால் முதல் நாளே குறட்டை விட்டிருப்பேன்.

சேலம் போய் அந்த மாதிரி ஒன்று வாங்கப்போகிறோம் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மிளகு, கிராம்பு விற்கிறவர். கிண்டல் மட்டும் இலவசம்.

“ஏனுங்க, ஏற்காட்டுல குளுகுளு மெத்தைங்களா? ஃபிரிட்ஜுக்குள்ள யாராச்சும் ஃபேன் போடுவாங்களா? ஹைபிரிட்டுன்னா எனக்குத் தக்காளிதானுங்க தெரியும்.”

எனக்குக் கோபம் மூக்கின் மேலே இருக்கும். அவளுடைய உடம்புச் சூட்டை அந்த ஆளிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? கல்லாவைச் சாத்திவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மலை இறங்க இறங்கக் காது அடைத்தது, வெயில் ஏறியது. அவள் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள்.

எங்கள் பக்கத்தில் மெத்தை வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. உள்ளங்கையால் இரண்டு அமுக்கு. ஓரமாக உட்கார்ந்து ஒரு குலுக்கு. விலையைக் கேட்டு ஒரு ‘ம்’. அதோடு முடிந்தது. ஆண்களே படுத்துப் பார்க்கமாட்டார்கள். நாலு பேர் வந்துபோகிற கடையில் பொம்பளை படுப்பாளா? சேலத்துக் கடையில் நானும் முதல் மெத்தையை இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, “இதே நல்லாத்தான் இருக்குது, போட்டுருங்க” என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். சேலையை இழுத்துக் கால்வரை மூடிக்கொண்டாள். வலப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கன்னத்துக்கடியில் கையை வைத்துக் கண்ணை மூடிப் படுத்துவிட்டாள். எதிரில் தலையணை பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மானம் கப்பலேறிவிட்டது என்று நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏனுங்க, பராக்குப் பாக்காதீங்க” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “பொறத்தால வந்து நில்லுங்க. கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் என்ற முதுகு நேரா இருக்குதா, கோணலா இருக்குதா, பாத்துச் சொல்லுங்க.”

கோணலாகத்தான் இருந்தது. மெத்தை கெட்டி, தோளும் இடுப்பெலும்பும் இறங்க இடமில்லாமல் தூக்கிக்கொண்டு நின்றன. அடுத்தது முழுக்க ஃபோம். அதில் இடுப்பு குழிக்குள் போய்விட்டது. எழுந்திருக்க என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. மெத்தைக் கடைக்காரர் சலித்துக்கொள்வார் என்று பார்த்தால் அவர் முகம் மலர்ந்திருந்தது. “எத்தன நேரம் வேணும்னாலும் படுங்கம்மா. படுத்துப் பாக்காம வாங்கிட்டுப் போயித்தான் எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க” என்று சொல்லி மூன்றாவதைக் காட்டினார். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கிறது, அதனால் தோள் விழுகிற இடம் மட்டும் இறங்கும், முதுகு விழுகிற இடம் தாங்கும். ஸ்பிரிங்குக்கு நடுவில் காற்று ஓடும். மேல் ஃபோமில் ஜெல் கலந்திருக்கிறது, அது சூட்டை வாங்கி விட்டுவிடும் என்று விளக்கினார். அவள் அதில் படுத்தாள். முதுகு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

“நேரா இருக்குது” என்றேன். என் குரல் எனக்கே மரியாதையாகக் கேட்டது.

“இப்ப நீங்க.”

தப்பமுடியவில்லை. குல்லாவும் கம்பளியும் இல்லாமல், பட்டப்பகலில், சேலத்து டியூப் லைட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். அவள் என் இடுப்புக்கடியில் கையை நுழைத்துப் பார்த்தாள். “கை சும்மா பூந்து வந்துட்டா மெத்த கல்லுங்க. நொழையவே இல்லீனா சேறு. கொஞ்சம் இழுத்துப் புடிக்கோணும்.” கை இழுத்துப் பிடித்தது. அதோடு விட்டாளா? “தள்ளிப் படுங்க” என்று சொல்லி அவளும் பக்கத்தில் படுத்துவிட்டாள். நான் புரண்டால் அவள் பக்கம் ஆட்டம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். புரண்டேன். கல்யாணத்தன்றுகூட அத்தனை பேர் பார்க்க நான் அப்படிக் கூசியதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். பல மாதம் கழித்து நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தது அந்தக் கடையில்தான். எழுந்திருக்க எனக்கு மனசே வரவில்லை.

“கவர் பிரிக்காத வரைக்கும் ஒரு மாசத்துக்குள்ள மாத்திக்கலாம். பிரிச்சுட்டா முடியாதுங்க” என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர்.

காய்கறி ஏற்றி வருகிற டெம்போவின் தலையில் கட்டி மெத்தை மலை ஏறியது. வந்து இறங்கியபோது கொத்தமல்லி வாசம். கெட்டியான பிளாஸ்டிக் உறைமேல் பனி முத்து முத்தாக நின்றது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. “பாத்தியா, கவர் இருக்கங்காட்டித் தப்பிச்சுது” என்றேன். அவளும் தலையாட்டினாள். எங்கள் மலையில் இது எழுதாத சட்டம். மூடுபனி வீட்டுக்குள் வந்து துணி, செருப்பு, சாமி படம் என்று எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்க வைத்துவிடும். அதனால் மெத்தை என்றால் வந்த பிளாஸ்டிக்கோடுதான் காலமெல்லாம் கிடக்கும். அவள் லாட்ஜிலும் அப்படித்தான். இங்கேயும் அவள் பிளாஸ்டிக் மேலேயே விரிப்பைப் போட்டு, குளிருக்கு இதமாக அதன்மேல் ஒரு கம்பளியையும் விரித்து, இன்னொரு விரிப்பால் மூடி, நாலு மூலையையும் அழகாக மடித்துச் செருகினாள்.

முதல் நாள் அவள் கட்டிலில் படுத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. காலையில் பார்த்தால் தரையில் கிடந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. “முன்னைக்கு இப்ப நொம்ப வேகுதுங்க” என்றாள் அழாக்குறையாக. தோளுக்கு இதமாகத்தான் இருந்ததாம், சூடுதான் தாங்கவில்லையாம். பக்கத்துக் கடைக்காரர், “என்னுங்க, ஃபேன் நல்லா ஓடுதுங்களா?” என்று கேட்டார். ஜெல்லையும் ஸ்பிரிங்கையும், முகம் மலர்ந்த அந்தக் கடைக்காரரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். திருப்பி அனுப்பிவிடலாம் என்று டெம்போக்காரரிடமும் சொல்லிவைத்துவிட்டேன். இதுவும் ஆகாதென்றால் இனி அவள் எதற்காக மேலே வரப்போகிறாள்?

டெம்போ வரவேண்டிய அன்று காலை, விரிப்பை உருவ உள்ளே போனவள் கூப்பிட்டாள். கம்பளியையும் விரிப்பையும் சுருட்டி ஒதுக்கிவிட்டுக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லாட்ஜில் படுக்கை பார்க்கும்போது இப்படித்தான் நிற்பாள் போலிருக்கிறது. அவள் படுத்திருந்த பக்கத்தில் பிளாஸ்டிக் மேல் தண்ணீர் பூத்திருந்தது. சோற்றுப்பானை மூடியைத் திருப்பிப் பார்த்த மாதிரி. என் பக்கம் உலர்ந்து கிடந்தது.

“இது என்ற சூடுங்க” என்றாள். “எறங்கிப் போக வழியில்லாம இங்கயே நிக்குது. மெத்தைய நாம இன்னும் தொடவே இல்லீங்களே.”

சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தாள்.

“ஏய், இரு. பிரிச்சுட்டா மாத்த முடியாது. நாளைக்கிப் பூஞ்சணம் புடிச்சா என்ன பண்றது?”

“புடிச்சா வெயில்ல போட்டு எடுத்துக்கலாமுங்க” என்றாள். “நாந் தரையிலயே கெடந்தா என்ன பண்ணுவீங்க?”

தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே இழுப்பு. தூக்கமுடியாத அந்த வலது கையாலேயே கிழித்தாள். ஊரே பயப்படுகிற மூடுபனியை, வா என்று வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அப்படி ஒரு துணிச்சல் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. பிறகு பிளாஸ்டிக்கைச் சுருட்டி எறிந்துவிட்டு, கம்பளியை என் பக்கம் மட்டும் பாதியாக மடித்துப் போட்டு, அவள் பக்கம் மெல்லிய பருத்தி விரிப்பை மட்டும் விரித்தாள். டெம்போ வந்தபோது நான் வாசலிலேயே நின்று, ஒன்றுமில்லை என்று கைகாட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை நான் விழித்தபோது அவள் பக்கத்தில் இல்லை. சரிதான் என்று கீழே பார்த்தேன். தரை வெறுமையாகக் கிடந்தது. தலையணை என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. சமையலறையில் டீ கொதிக்கிற வாசம். அவள் படுத்திருந்த இடத்தைப் பார்த்தேன். விரிப்பு முழங்காலோடு இழுபட்டு மடிப்பு மடிப்பாக ஒதுங்கியிருந்தது. மடிப்பு சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை.

டம்ளரோடு வந்தவள் அதை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் குனிந்து விரிப்பின் நுனியை இழுக்கப் போனாள்.

“நீவாத. அப்பிடியே கெடக்கட்டும் உடு” என்றேன்.

“ஏனுங்க, வேலைக்கி நேரமாச்சு. ஊட்டுப் படுக்கைய இப்பிடியா போட்டுட்டுப் போறது?” என்று கேட்டவள், அப்போதுதான் படுக்கையைச் சரியாகப் பார்த்தாள். அவள் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தையும் பார்த்தாள். எனக்கு அதுவரை என் பக்கத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

“மல்லாக்கக் கட்டையாட்டம் கெடக்கற ஆளு” என்றாள். “உங்க மடிப்பும் என்ற பக்கந்தானுங்க பாக்குது.”

விரிப்பின் நுனியை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.