இவருக்குப் பதில் இவர்

படப்பிடிப்பு வீட்டில் அவரை எல்லாரும் ‘வசனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டிவியில் வரும் சாயங்கால நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவர். அத்தனை பேரின் வாயிலும் பேச்சை வைத்தவர், சொந்த விஷயம் என்றால் வாயைத் திறக்க மாட்டார். அங்கே மேக்கப் போடுகிற எனக்கு இது நன்றாகத் தெரியும்.

நாடகத்தில் யாராவது லாரியில் அடிபட்டுச் செத்தால், பார்க்கிறவர்கள் விதி என்று மூக்கைச் சிந்துவார்கள். விதியாவது வெங்காயமாவது! அந்த நடிகர் வேறு எங்கேயோ நடிக்கத் தேதி கொடுத்திருப்பார், அவ்வளவுதான். இது தெரிந்தும், “எல்லாம் எழுதினபடிதான் நடக்கும்” என்று வாரம் தவறாமல் யார் வாயிலாவது திணிப்பார் மனுஷன்.

அவருடைய அக்காவும் அந்த நாடகத்தைப் பார்க்கிறவள். அதில் வரும் கதாநாயகியின் புருஷனைப் போலவே அவள் புருஷனும் கை நீட்டுகிறவன். வேறு ஊரில் ஒரு விடுதிச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது, தங்க அறையும் உண்டு. பதில் சொல்லுமுன் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். எழுதிக்கொண்டே பேசுவதற்காக அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

“போகலாமாடா?”

‘போ’ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நாளைக்கு மாமா தன் வாசலில் வந்து கத்துவாரே என்று இவருக்கு உதறல். “இந்த வாரம் நாடகத்தைப் பாருக்கா” என்றார்.

“ஏன், அவ வீட்டை விட்டுப் போயிடுவாளா?”

“பாரேன்.”

“அவ போனா நானும் கிளம்பிடுவேன்டா.”

உயிரைக் கொடுத்து எழுதினார். கதாநாயகி பெட்டியோடு வாசலைத் தாண்டினாள். தயாரிப்பாளர் படித்துவிட்டு, “வெளியில போனா அவளை எங்க வெச்சு எடுக்கிறது, வசனம்? நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒரு வீடுதான். வாசல்லயே திருப்பிடு” என்றார்.

சண்டை போட்டிருக்கலாம். இல்லை, அக்காவை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ ஆறுவதற்குள் மாற்றிக் கொடுத்தார். பெட்டி உள்ளே திரும்பியது. “எல்லாம் எழுதினபடிதான் நடக்கும்” என்றாள் கதாநாயகி. இயக்குநருக்கே கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த டீயை அவர் தலையில் கொட்டலாம் போலிருந்தது.

அக்கா, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நாளில், கதாநாயகியாக நடித்தவள் வேறு சேனலில் நல்ல வாய்ப்பு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். அவள் எந்த நாடகத்தையும் பார்த்து முடிவெடுக்கவில்லை. புதியவளை நிறுத்தி, திரையில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று போட்டார்கள். அதே உடை, அதே கொண்டை. நான்தான் போட்டுவிட்டேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். வாய் வீங்கியிருக்க வேண்டும், பேச்சு குழறியது.

“பழையவ போயிட்டாளேடா.”

“ஆமாக்கா. அவளுக்கு வேற வேலை கிடைச்சுது.”

“அவளுக்குப் பதிலா ஒருத்தியைக் கொண்டுவந்துட்டீங்க. எனக்குப் பதிலா இங்க யாருடா வருவா?”

அவர் போனை அணைத்தார். பேனாவை எடுத்து, புதியவளுக்கு அழுகைக் காட்சி எழுத ஆரம்பித்தார்.