உப்பு வண்டிக்காரர் கொடுத்த தானம்

ஆர்லன் லெம்கேவுக்கு ஊரில் ஒரு எதிரியும் கிடையாது. நியாயப்படி ஊரே எதிரியாக இருந்திருக்க வேண்டும். முப்பத்தொரு குளிர்காலமாக மேப்பிள் ஹாலோ சாலைகளில் பனியைத் தள்ளிவிட்டு, மிச்சப் பனி உருகி வண்டிகள் வழுக்காமலிருக்கப் பின்னால் உப்பைத் தூவிக்கொண்டே போவதுதான் அவர் உத்தியோகம். விஸ்கான்சின் மாநிலத்தில் ஓடுகிற வண்டிகளின் அடிவயிற்றைத் தின்று தீர்ப்பது அந்த உப்புதான். காலையில் உப்புத் தூவுவார், மாலையில் பக்கத்து வீட்டுக்காரரோடு நின்று, "ச்ச, உன் வண்டி எப்படி இப்படித் துருப்பிடிச்சுது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்பார்.

சொந்த வண்டிக்கும் சலுகை காட்டவில்லை. பத்தொன்பது வருடமாக வாசலில் நிற்கும் அந்தப் பழுப்பு எஸ்.யூ.வி. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடியது. மூன்று பிள்ளைகள் அதில் வாந்தியெடுத்து, சண்டை போட்டு, கடைசியில் ஓட்டப் பழகி, ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். வண்டிதான் போகவில்லை. ஆர்லன் போக விடவில்லை.

அக்டோபரில் அவர் மனைவி மார்லிஸ் வானொலியில் ஒரு விளம்பரம் கேட்டார். 'அம்மாவுக்கு ஒரு வண்டி' என்று ஓர் அறக்கட்டளை. வேலை கிடைத்தும் போய்வர வண்டி இல்லாத தாய்மார்களுக்கு, பழைய வண்டிகளைச் செப்பனிட்டுச் சும்மா கொடுக்கிறார்கள். தேறாத வண்டி என்றால் காயலான் கடைக்கு. அங்கே நசுக்கிப் பெட்டி போல ஆக்கிவிடுவார்கள்.

"பேர் குடுத்துட்டேன்," என்றார் மார்லிஸ்.

"யார் பேர?"

"உன் பேரத்தான். நீ ரொம்பப் பெரிய மனசுக்காரன்னு சொல்லியிருக்கேன். போய்ப் பேச்சக் காப்பாத்து."

ஆர்லன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எப்போதுமே அதிகம் பேசாதவர் என்பதால் மார்லிஸுக்கு இது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்று காலை ஆர்லன் காபியை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நசுக்கிருவாங்களா?"

"நல்லா இருந்தா நசுக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். மனிதர் கராஜுக்குள் போனவர் மூன்று வாரம் வெளியே வரவில்லை. பத்தொன்பது வருடம் சொந்தக் குடும்பத்தை ஏற்றிப் போனபோது கிறீச்சிட்ட பிரேக்கை, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக மாற்றினார். நாலு டயரும் புதுசு. மார்லிஸ் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த உள்விளக்கு, ஒரே மதியத்தில் எரிந்தது.

"நானும் யாரோ ஒருத்தியா இருந்திருக்கணும்," என்றார் மார்லிஸ்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைசி நாளில் ஆர்லன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எங்கும் செம்பழுப்புத் துரு. அடுத்தவர் வீட்டுக்குப் போகிற பொருளை இப்படியா அனுப்புவது? இரண்டு டப்பா கறுப்புப் பெயிண்ட் வாங்கி வந்து, அடிப்பாகம் முழுக்கப் பளபளவென்று அடித்துவிட்டார். அந்த ஊர்ப்பக்கத்தில் வண்டியின் அடியில் புதுக் கறுப்பு தெரிந்தால் ஒரே அர்த்தம்தான்: விற்கிறவன் திருடன், துருவை மறைக்கிறான். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஆர்லனுக்கும் தெரியும். அப்படி விற்றவர்களைப் பற்றி ஊரார் கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்துகளில் கேவலமாகப் பேசியவர்தான். தான் செய்யும்போது மட்டும் அது சலவை செய்து கொடுப்பது போல அவருக்குத் தோன்றிவிட்டது.

இழுத்துப்போகும் வண்டியை அனுப்புகிறோம் என்று அறக்கட்டளையில் சொன்னார்கள். "ஓடுற வண்டியத் தூக்கிட்டுப் போறதாவது," என்று ஆர்லன் தானே ஓட்டிப் போனார். திரும்பி வர வேண்டுமே, மார்லிஸ் தன் காரில் பின்னாலேயே போனார்.

அறக்கட்டளையின் பட்டறையில் வண்டிகளைச் சோதிப்பவர் கெங் வாங் என்ற இளம் மெக்கானிக். வண்டியை லிஃப்டில் தூக்கினார். அண்ணாந்து பார்த்தார். கறுப்பு மினுமினுத்தது. கெங் போய் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து வந்தார்.

"பெயிண்ட் யாரு சார் அடிச்சது?"

"நான்தான் தம்பி. முந்தாநாள்."

"எத மறைக்கிறீங்க?"

ஆர்லனின் காது சிவந்தது. மார்லிஸ் முந்திக்கொண்டார். "இவரா? இவருக்கு மறைக்க வராது தம்பி. எனக்கு ஆச்சரியமா பிறந்தநாள் விருந்து வைக்கிறேன்னு, என்கிட்டயே வந்து எத்தனை பேரக் கூப்பிடலாம்னு கேட்டவரு."

கெங் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டங். டங். டங். பின் இடது சக்கரத்துக்கு மேலே, அடிச்சட்டமான சேஸியில், பொத். சுத்தியல் அங்கேயே நின்றது.

"அது ஏழாவது," என்றார் ஆர்லன் தரையைப் பார்த்து.

"என்ன ஏழாவது?"

"டேஷ்போர்டு பெட்டியில எழுதி வச்சிருக்கேன்."

கெங் வண்டியை இறக்கி, பெட்டியைத் திறந்தார். பதினோரு பக்கம், பக்கத்துக்கு ஒரு குறிப்பு, எல்லாம் பென்சிலில். தலைப்பு: 'ஓட்டப் போகிற அம்மாவுக்கு.' கெங் தாவித் தாவிச் சத்தமாகவே படித்தார்.

"ஒன்று. ஜனவரியில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தானாக ஏறாது. பொத்தானை அழுத்திக்கொண்டு கையால் இழுக்கவும். திட்டினாலும் ஏறாது, பார்த்துவிட்டேன். மூன்று. குளிரில் ஸ்டார்ட் செய்தால் ஏழு நிமிடம் விசில் அடிக்கும். பயப்பட வேண்டாம், பழக்கதோஷம். நான்கு. பேனட்டில் உள்ள குழி மான் இடித்தது. மான் நலம். ஆறு. கடைசி இருக்கை பெல்ட் பிசுபிசுக்கும், மில்க்‌ஷேக். கொட்டியவன் இப்போது பல் டாக்டர். ஏழு." கெங் நிறுத்தினார். "பின் இடது சேஸியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. தகடு வைத்து அடைத்திருக்கிறேன். இரண்டு குளிர்காலம் தாங்கும். மூன்றாவதுக்கு நம்ப வேண்டாம், என்னைக் கூப்பிடவும்." கீழே தொலைபேசி எண்.

கெங் சிரித்துவிட்டார். "தப்ப முழுசா எழுதி வச்சுட்டு, அதுக்கு மேல பெயிண்டும் அடிச்ச முதல் ஆளு நீங்கதான் சார். என்ன வேலை பாக்குறீங்க?"

"கவுண்டி ரோடு ஆபீஸ்ல. பனி தள்ளுற லாரி."

"உப்புப் போடுறதா?"

"ஆமா."

"அப்ப இந்த ஓட்டையப் போட்டதே நீங்கதான்."

மார்லிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆர்லன் சிரிக்கவில்லை. "நசுக்கிருவீங்களா?"

கெங் காகிதங்களை மடித்தார். சேஸியில் ஓட்டை இருந்தால் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டி. அதைச் சொல்லிவிட்டு, மூலையில் நின்ற ஒரு நீல வண்டியைக் காட்டினார். இதே கம்பெனி, இதே மாடல். அரிசோனாவிலிருந்து வந்தது, பிறந்ததிலிருந்து உப்பையே பார்க்காத அடிப்பாகம். ஆனால் முன்னால் இடி வாங்கி, இன்ஜின், பேனட் எல்லாம் போய்விட்டன.

"உங்க இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. பேனட், டயர், பிரேக் எல்லாம் எடுத்து இதுல போட்டுருவேன். ஒரு அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க சார். முதியோர் இல்லத்துல வேலை. சின்னக் குழந்தை வேற."

"மிச்சம்?"

"மிச்சம் காயலான் கடை."

ஆர்லன் பழுப்பு வண்டியைப் பார்த்தார். பிறகு தன் காகிதங்களையும் ஒரு பென்சிலையும் கேட்டார். ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, நீல வண்டிக்குப் பொருந்தாததையெல்லாம் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். கண்ணாடி போயிற்று. பெல்ட் போயிற்று.

"ஏழாவத அடி," என்றார் மார்லிஸ், பக்கத்தில் நின்று.

"அடிச்சுட்டேன்."

"போன் நம்பர அடிச்சிராத."

பதினொன்றில் பென்சில் நின்றது. 'குழந்தை அழுதால் நெடுஞ்சாலைக்குப் போய் ஐம்பத்தைந்து மைலில் ஓட்டவும். அந்த வேகத்தில் வண்டி ஒரு மாதிரி முனகும். எங்கள் மூன்றும் அதில்தான் தூங்கின.'

"அது இன்ஜின் சத்தமா, பாடி சத்தமா சார்?" என்றார் கெங்.

"தெரியாதே தம்பி."

"அப்ப இருக்கட்டும்."

வீடு திரும்பும்போது ஆர்லன் மார்லிஸின் காரில், பழுப்பு வண்டியின் நம்பர் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மார்லிஸ் வழியெல்லாம் கேலிக்கு வாயெடுத்து, வழியெல்லாம் விட்டுவிட்டார். அந்த வீட்டில் இது பெரிய தியாகம்.

ஜனவரியில் ஒரு காலை. ஏழு மணி, பஞ்சு பஞ்சாகப் பனி. ஆர்லன் லாரியில் சாலையைத் தள்ளிக்கொண்டு போனபோது பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் பார்த்தார். நீல வண்டி. பழுப்பு பேனட். மான் வைத்த குழி.

அவர் லாரியின் பின்னாலிருந்து உப்பு சீறிப்போய் அந்தப் பேனட்டில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அரிசோனா அடிப்பாகம். உப்பே பார்க்காதது. ஆர்லனின் கை தானாகப் போய் உப்பு விசையை அணைத்தது. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் முதல் துரோகம்.

ஒரு நூறு அடி போயிருப்பார். வளைவில் பின்னால் வந்த விளக்குகள் உப்பில்லாத பனியில் வழுக்கி, லேசாக இடமும் வலமும் அலைந்தன. ஓட்டுகிற பெண்ணின் தோளுக்குப் பின்னால், குழந்தை இருக்கையில், ஒரு சிவப்புக் குல்லாய்.

"துருப்பிடிச்சா பிடிக்கட்டும்," என்று ஆர்லன் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, விசையைப் போட்டார். வழக்கமான அளவில் அல்ல, இரண்டு மடங்கு.