அக்கா வீட்டில் என் சோபா

அக்காவின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, இந்த நினைவு மலரை விசிறியாக்குவதற்கு முன் இந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிடுங்கள்.

எங்கள் அக்கா நல்லூரில் பிறந்து, கலியாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். அத்தான் இளவயதிலேயே போய்விட, தையல் மெஷினை மிதித்தே என்னைப் படிப்பித்தார். பிறகு சலரோகம் என்ற சர்க்கரை வியாதி கண்ணைக் கெடுத்தது. விலைவாசி ஏறிய நாட்களில் நான் கொடுத்தது அரை மாதத்துக்குத்தான் போதுமாக இருந்தது. மீதி நாட்களில் மருந்தா, சோறா என்ற நிலை. அரசாங்க நிவாரணத்துக்கு விண்ணப்பித்தார்.

வெள்ளவத்தையில் குடியிருந்த எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

"சனம் என்ன கதைக்கும் அக்கா? பிச்சை எடுக்கிறம் எண்டெல்லோ!"

"நெருப்புப்பெட்டி வாங்கினாலும் நான் வரி கட்டுறன் அப்பன். இவ்வளவு காலமும் நான் குடுத்தன். இப்ப ஏலாது, அரசாங்கம் தரட்டும். இதில என்ன பிச்சை?"

வீட்டைப் பார்க்க உத்தியோகத்தர் வருகிறார் என்றதும் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். அந்நியர் ஒருவர் எங்கள் குடும்பத்தை வெறும் வீட்டில் வைத்துப் பார்ப்பதா? அன்று காலை அக்கா கிளினிக் போயிருந்த நேரம், என் சோபா, டீவி, பூப்போட்ட திரைச்சீலை எல்லாவற்றையும் லொறியில் கொண்டுவந்து நிரப்பினேன். வறுமையைப் பார்க்க வருபவருக்கு வசதியைக் காட்டிய மேதை நான்!

அக்கா திரும்பி வரவும் உத்தியோகத்தர் வரவும் சரியாக இருந்தது. சோபாவைப் பார்த்தார். பேனையை மூடினார்.

"அம்மா, இந்த வீட்டுக்கு எப்பிடி நிவாரணம் எழுதிறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "சேர், இதெல்லாம் என்ர தம்பியின்ர வெக்கம். என்ர சொத்தில்லை. பின்னேரம் ஏத்திக்கொண்டு போயிடுவான். நீங்கள் குசினியைப் பாருங்கோ."

சமையலறையில் அரிசிப் பானையைத் திறந்து காட்டினார். அடி தெரிந்தது. அக்காவின் தலை மட்டும் குனியவில்லை. உதவி கேட்கும் ஒருவர் இவ்வளவு நிமிர்ந்து நிற்கலாம் என்று அன்றுதான் கண்டேன்.

நிவாரணம் கிடைத்தது. அதை அவர் யாருக்கும் ஒளிக்கவில்லை. வெட்கத்தில் விண்ணப்பிக்காமலிருந்த அயல் பெண்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மருந்து தவறாமல், கடைசிவரை தன் காலிலேயே நடந்து, ஒரு விடியலில் நித்திரையிலேயே எங்களை விட்டுப் போனார்.

செத்தவீட்டுக்கு அந்த உத்தியோகத்தரும் வந்தார். உட்காரச் சொன்னேன். வரிசையாக இருந்த கதிரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாடகைக் கதிரை, சேர்," என்றேன், அவர் கேட்காமலே.

அவருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், தேத்தண்ணீர் ஊற்றிய அந்த அயல் பெண்களுக்கும் எங்கள் நன்றி. சோபா வெள்ளவத்தையில்தான் இருக்கிறது. வாருங்கள், வசதியாக இருங்கள். எனக்குத்தான் அதில் சாய்ந்து இருக்க இன்னும் மனம் வரவில்லை.

— தம்பி