கேட்டை உலுக்கும் பெரில்

கொண்டியை மாட்டியாயிற்று. அதோடு விட்டால் அது பெரில் ஹார்டிஸ்டி இல்லை. இரண்டு கைகளாலும் கேட்டின் மேல்கட்டையைப் பிடித்து ஓர் உலுக்கு. கேட் அசையவில்லை. சந்தேகத்துக்கு இன்னோர் உலுக்கு. அதற்குள் மற்றவர்கள் அடுத்த வயலில் பாதியைக் கடந்திருப்பார்கள். "வந்துட்டேன், வந்துட்டேன், ரயிலா போகுது?" என்று கத்திக்கொண்டே, குட்டைக் கால்களை எட்டிப் போட்டு ஓடி வருவார்.

யார்க்‌ஷயரின் இந்தப் பள்ளத்தாக்கில் ஞாயிறு நடைக்குழுவுக்கு அவர்தான் கடைக்காவல். முன்னால் வரைபடத்தோடு தலைவர் டெரிக், எல்லோருக்கும் பின்னால் பெரில். யாருடைய முழங்கால் இன்றைக்கு மக்கர் செய்கிறது, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பையில் இஞ்சி பிஸ்கட் ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்த கை அது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய தொண்டை, இன்னும் கொஞ்சமும் தேயவில்லை. மதியம் கல்சுவரோரம் உட்கார்ந்ததும் பழக்கேக்கை வெட்டி, மேலே ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்து நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்! "எடு கண்ணு, இந்த ஒடம்பை வச்சுக்கிட்டு மேட்டுக்குப் போனா காத்து அள்ளிட்டுப் போயிடும்" என்பார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு தடவை முன்னால் நடக்கவேண்டும், தன் பெயரில் ஒரு நடை. கேட்கும்போதெல்லாம் டெரிக் சிரித்து மழுப்புவார். "நீ முன்னாடி போயிட்டா எங்களை யாரு தாயே மேய்க்கிறது?" இந்த ஏப்ரலில்தான் மனம் இறங்கினார். ஒரு நாள் வெள்ளோட்டம். சரியாக நடத்திவிட்டால் கோடைப் பட்டியலில் அவர் பெயர் ஏறும். நிபந்தனை ஒன்றுதான். வட்டம் வட்டமாக முடியவேண்டும். "போன வழியே திரும்பி வந்தா அதுக்குப் பேரு நடையா? கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வர்றது" என்பது டெரிக்கின் சட்டம்.

அந்த ஞாயிறு பெரிலைப் பார்த்திருக்கவேண்டும்! கழுத்தில் வரைபடம், தலையில் புதுச் சிவப்புக் குல்லாய். மேட்டில் ஏறியதும் மரமில்லை, வீடில்லை. கண்ணுக்கெட்டின மட்டும் பழுப்புப் புதர், அதற்கு மேல் வானம். ஆட்காட்டிப் பறவைகள் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தின. பெரில் அவற்றைவிடச் சத்தமாகக் கத்தினார். "இடது பக்கம் உளைச்சேறு! காலை வச்சவங்க பூட்ஸை மறந்துடுங்க!" காற்று ஆளைத் தள்ளியது. "அடேயப்பா, முன்னாடி வந்தா முகத்துல இவ்வளவு காத்தா! இத்தனை நாளா நீங்கதான் எனக்குத் தடுப்புச் சுவரா இருந்தீங்களா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் முழங்கால்வலிக்கார மேவிஸ்கூட வேகமாக நடந்தாள். கடைசியில், பெரிலின் வழக்கமான இடத்தில், டெரிக் வந்துகொண்டிருந்தார்.

மேடு இறங்கி ஆற்றங்கரைக்கு வந்ததும் பெரிலின் முகம் வாடிவிட்டது. ஆற்றைக் கடக்கப் போட்டிருந்த தாண்டுகற்களைக் காணோம். மேலே எங்கோ இரவெல்லாம் கொட்டிய மழை, ஆறு காப்பி நிறத்தில் புரண்டு ஓடியது. கற்கள் இருந்த இடத்தில் நுரை மட்டும்.

"வியாழக்கிழமைதானே வந்து பாத்தேன்! முயல்குட்டிகூடத் தாண்டியிருக்கும்!"

டெரிக் வந்து எட்டிப் பார்த்தார். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. "விடு பெரில். இது யார் தப்பும் இல்ல. திரும்பிடலாம்."

திரும்புவதென்றால் வந்த மேடு முழுவதும் மறுபடி. மேவிஸின் முழங்காலைப் பெரில் பார்த்தார். தண்ணீரையும் பார்த்தார். அதில் ஒருவரையும் இறக்கமாட்டார், அதில் பேச்சே இல்லை. சட்டென்று குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க என்கூட" என்று ஆற்றோடு மேலே நடந்தார்.

"அங்க ஆல்டர்சன் பண்ணைதான் இருக்கு. அந்த ஆளு நாயை அவுத்து விடுவான்!" என்றார் டெரிக்.

"நாய்க்கும் கேக் இருக்கு. வா."

பண்ணையின் மரப்பாலம் ஆல்டர்சனின் சொந்தப் பாலம். பொதுவழி இல்லை என்று பலகையே இருந்தது. ஆல்டர்சன் அதற்கு முன்னால் நின்றார்.

"எழுதியிருக்கிறது படிக்கத் தெரியாதா? போன வருஷம் உங்களை மாதிரி ஒரு கூட்டம் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போச்சு. கிடா பூரா பருவத்துக்கு முன்னாடியே பொட்டை ஆடுங்களோட கலந்து, அதுங்க கொட்டுற பனியில குட்டி போட்டுச்சு. பாதி செத்துப்போச்சு, தெரியுமா?"

"அய்யோ பாவம்" என்றார் பெரில். திரும்பி, தாங்கள் உள்ளே வந்த கேட்டைப் பார்த்தார். டெரிக் சாத்தியிருந்தார். ஆனாலும் கால் நிற்கவில்லை. போய் இரண்டு கைகளாலும் பிடித்து ஓர் உலுக்கு, இன்னோர் உலுக்கு.

ஆல்டர்சன் கண்களை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, மேல வயல்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேட்டைப் புடிச்சு ஆட்டுறது நீதானா?"

"நான்தாங்க. பழக்கம்."

"சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு என் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிப்பா. 'வந்துட்டா பாரு உன் காவக்காரி'ம்பா." அவர் பலகையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், ஒதுங்கி நின்றார். "போங்க. அந்தப் பக்கம் கிடா நிக்குது. கேட்டு பத்திரம்."

பாலம் தாண்டி, கிடாக்கள் நின்ற வயலையும் கடந்து, அதன் கடைசி கேட்டையும் தாண்டினார்கள். சரிவில் ஏறியதும் கீழே தேவாலயக் கோபுரம் தெரிந்தது. காலையில் புறப்பட்ட இடம்! வட்டம் சேர்ந்துவிட்டது. மேவிஸ் பெரிலைக் கட்டிக்கொண்டாள், யாரோ விசிலடித்தார்கள். மூச்சிரைக்க வந்து சேர்ந்த டெரிக், "கோடையில உனக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு நடை" என்றார். பெரில் சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், மறுபடி சிரித்தார்.

பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"டெரிக்கு, கேட்டைச் சாத்தினியா?"

"சாத்தினேன்."

"கொண்டி?"

"மாட்டினேன் தாயே!"

பெரில் கழுத்திலிருந்த வரைபடத்தைக் கழற்றி டெரிக்கின் கையில் திணித்தார். "இங்கயே நில்லுங்க, ஒருத்தரும் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சரிவில் குட்டைக் கால்களை எட்டிப் போட்டு ஓடினார். கீழே அந்தச் சிவப்புக் குல்லாய் கேட்டை எட்டியது. இரண்டு கைகளாலும் மேல்கட்டையைப் பிடித்து ஓர் உலுக்கு.

சந்தேகத்துக்கு இன்னொன்று.