இளஞ்சூடாக இருந்த செம்பு

ராஜபாளையத்தில் அந்த போட்டோ ஸ்டுடியோக்காரரின் நகங்கள் பழுப்பேறிக் கிடந்தன. எந்தத் திரவத்தையும் ஒரு சொட்டு எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார். அந்தக் கை என் மகன் மேல் படக்கூடாதே என்பதுதான் அன்று என் கவலை.

அவனுடைய முதல் பிறந்தநாள் போட்டோ எடுக்க நானும் அவனும் போயிருந்தோம். பிள்ளை பசியில் அழுதான். மேசைமேல் எவர்சில்வர் செம்பில் தண்ணீர் இருந்தது. தொட்டேன், இளஞ்சூடு. காய்ச்சி ஆறிய தண்ணீர் என்று நம்பிப் பால் பவுடரைக் கரைத்தேன்.

இருட்டறையிலிருந்து வந்தவர் செம்பைப் பார்த்ததும் பால்புட்டியைப் பிடுங்கி, ஒரு சொட்டைத் தேய்த்தார்.

“வழுக்குது தாயி! இது தண்ணியில்ல, டெவலப்பர். படம் கழுவுற மருந்து. இப்பத்தான் வெந்நீர்ல கரைச்சு வச்சேன். பிள்ள குடிச்சிருச்சா?”

“இல்லண்ணே, இன்னும் வாயில வைக்கல.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் புட்டியில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டினேன்.

மில்லிலிருந்து நேரே ஸ்டுடியோவுக்கு வந்த என் கணவர், “பிள்ளைக்குப் பால் எங்க?” என்றார்.

“என் கை தட்டிக் கொட்டிருச்சு சார்” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

“பிள்ள பசியில கெடக்கான், பாத்து வரக்கூடாதாய்யா?”

நான் காலிப் புட்டியைப் பைக்குள் வைத்தேன்.

படத்தில் மகனின் முகம் லேசாக அசைந்திருக்கும். “கை நிதானமில்லாத ஆளு” என்று கணவர் இன்றும் சொல்கிறார். அந்தச் செம்பைப் பற்றி நான் அவரிடம் இன்றும் சொன்னதில்லை.