மூவேளை மணிக்கு நிற்காத ஊசல்

கழுதைக்காரர் மகன் எர்கோலானோ வெட்சானி பதினேழு வயதில் சேசு சபையில் சேர்ந்தார். அவருக்குப் பிரசங்கம் வராது என்று சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கணக்கு மட்டும் தண்ணீர் பட்ட பாடு. நாற்பது வயதில் இத்தாலியில் மோதெனாவுக்கு அடுத்த சிற்றூரில், சபைக் கல்லூரியில் ஏழு பேருக்குக் கணிதம் நடத்தினார். அந்த வகுப்புதான் அவருக்கு உயிர்.

அதற்கும் ஆபத்து வந்தது. சரியான கடிகாரம் இல்லாத அந்தக் காலத்தில், விழும் கல்லின் வேகத்தை அளக்க அவருக்கு நம்பகமான காலக்கணக்கு தேவைப்பட்டது. நூலில் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, நண்பகல் முதல் மறு நண்பகல் வரை ஆட்டங்களை அவரும் மாணவர்களும் மடத்துப் பிரதர்களும் முறைபோட்டு எண்ணினார்கள். தினமும் ஒரே எண்ணிக்கை வரவேண்டும். வரவில்லை; நாற்பது, அறுபது என்று உதைத்தது.

“உம்ம குண்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு வெட்சானி,” என்றார் தத்துவப் பேராசிரியர் பாதர் குர்சியோ. “பேசாம பொடிப் பசங்களுக்கு இலத்தீன் சொல்லிக்குடும்.”

கல்லூரி அதிபரும் அதையே சொன்னார். இன்னும் இரண்டே நாள் எண்ணலாம். பிசகினால் வகுப்புக்குப் பூட்டு.

வெட்சானிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமையற்கட்டில் சும்மா நின்றிருந்தபோது, தினம் மூன்று வேளையும் மாதாவுக்குச் செபம் சொல்ல அழைக்கும் மூவேளை மணி அடித்தது. சமையல்காரர் பிரதர் தெபால்தோ கரண்டியை விட்டுக் கைகூப்பினார். அடுப்பில் கூழ் அடிப்பிடித்தது. வெட்சானி பாதிச் செபத்தில் கண்ணைத் திறந்தார்.

“தெபால்தோ, எண்ணும்போது மணி அடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“செபம் சொல்லுவேன் சாமி. நீங்களும் அதானே பண்ணுவீங்க?”

அதேதான் பண்ணியிருந்தார். தினமும் மூன்று முறை எல்லோருமே குண்டை மறந்திருந்தார்கள். ஒருவர் விரைந்து சொல்வார், ஒருவர் இழுத்துச் சொல்வார். குண்டு பாவம், நிற்காமல் ஆடியிருக்கிறது. வெட்சானியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இனி வாய் மாதாவுக்கு, கை எனக்கு,” என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தார். மணி அடித்தால் ஆட்டத்துக்கு ஒரு மொச்சை கிண்ணத்தில் விழவேண்டும்.

முதல் நாள் எண்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் நாள் கடைசி முறை, அதிபர் உத்தரவால், பாதர் குர்சியோவுக்கு. வெயில், தரையில் வரைந்திருந்த நண்பகல் கோட்டைத் தொடுமுன்பே மணி அடித்துவிட்டது. குர்சியோ செபம் சொல்லிக்கொண்டே மொச்சை போட்டார், வியர்க்க வியர்க்க. வெயில் கோட்டைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லி வெட்சானி கை தூக்கினார்.

குர்சியோ மொச்சையை இருமுறை எண்ணி முன்கணக்கோடு கூட்டினார். பதின்மூன்று என்று முடிந்தது. ஒன்றே ஒன்று கூடுதல்.

அதிபர் வெட்சானியைப் பார்த்தார். பதில் குர்சியோவிடமிருந்து வந்தது.

“அந்த ஒண்ணு என் கைத்தப்பு. குண்டு மேல ஒரு குத்தமும் இல்ல.”